‘தெம்புக்கு ஏதாவது குடுங்க’: மருந்துக்கடைப் பையில் எதை வைக்கலாம், எதைத் திருப்பிக் கொடுக்கலாம்

“அண்ணே, அவர் குடியை விட்டுப் பன்னிரண்டு நாளாச்சு. மனசுக்கும் மாத்திரை சாப்பிடுறார். எந்நேரமும் படுத்தே கிடக்கார். தெம்புக்கு ஏதாவது குடுங்க.”

மருந்துக்கடையில் இப்படி ஒரு குரல் கேட்டதும் கடைக்காரரின் கை டானிக் அடுக்கியிருக்கும் தட்டுக்குப் போய்விடும். ஐந்து நிமிடத்தில் ஒரு பை நிறைந்துவிடும். வழக்கமாக அந்தப் பைக்குள் போகும் பொருட்களில் எது உதவும், எது வீண், எது ஆபத்து என்பதுதான் இந்த மதிப்பீடு. கம்பெனிப் பெயர்கள் தேவைப்படவில்லை. லேபிளில் பொடி எழுத்தில் இருக்கும் உட்பொருளைப் படித்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

முதலில் அந்தக் களைப்பு எங்கிருந்து வருகிறது என்று தெரிய வேண்டும். மனச்சோர்வே உடம்பை அடித்துப் போடும் நோய். அதோடு, குடியை நிறுத்தியதும் தூக்கம் குலைகிறது. எட்டு மணி நேரம் படுத்திருந்தாலும் ஆழ்ந்த உறக்கம் வராது. இது சீராகச் சிலருக்குச் சில வாரங்கள், சிலருக்குப் பல மாதங்கள் ஆகும். கைநடுக்கமும் வலிப்பும் வராமலிருக்க முதல் வாரத்தில் கொடுக்கும் குளோர்டயசிபாக்சைடு, டயசிபாம் போன்றவை நின்ற பிறகும் பல நாள் உடம்பில் தங்கும், கல்லீரல் கெட்டிருந்தால் இன்னும் நீளும். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் எஸ்சிடலோபிராம், செர்ட்ரலின் வகை மாத்திரைகள் முதல் ஒன்றிரண்டு வாரம் சோர்வைத் தருவதுண்டு. மனநிலையில் அவற்றின் முழுப் பலன் தெரிய 4 முதல் 6 வாரம் ஆகலாம். ஆக, தொல்லை முதலில் வருகிறது, பலன் பிறகு வருகிறது. இந்த இடைவெளியில்தான் ‘மாத்திரைதான் ஆளைப் படுக்க வைக்குது’ என்று நிறுத்திவிடுகிறார்கள். பசி, கோபம், தனிமை, களைப்பு ஆகிய நான்கும் மறுபடி குடிக்கு இழுக்கும் என்று குடிநோயாளர் கூட்டங்களில் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். எனவே களைப்பைச் சோம்பல் என்று திட்டக் கூடாது, அதற்கு வழி பார்க்க வேண்டும்.

பையில் முதலில் விழுவது அரிஷ்டம். அசுவகந்தாரிஷ்டம், தசமூலாரிஷ்டம், திராட்சாரிஷ்டம் என்று எதுவானாலும் வேண்டவே வேண்டாம். அரிஷ்டமும் ஆசவமும் வெல்லத்தைப் புளிக்க வைத்துத் தயாரிப்பவை. புளிக்கும்போதே அதில் ஆல்கஹால் உண்டாகிவிடும். பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள்: ‘தானாக உருவான ஆல்கஹால்’ என்று 5 முதல் 10 சதவீதம் வரை, சிலவற்றில் அதற்கும் மேலே போட்டிருக்கும். கணக்குப் போட்டால் விஷயம் புரியும். 8 சதவீதம் உள்ள 450 மி.லி. அரிஷ்ட பாட்டிலில் 36 மி.லி. ஆல்கஹால். 5 சதவீதம் உள்ள 650 மி.லி. பீர் பாட்டிலில் 32.5 மி.லி. அதாவது அலமாரியில் ஒரு முழு பீரை விட அதிகமான சரக்கு மருந்தென்ற பெயரில் உட்கார்ந்திருக்கிறது. ஒரு வேளைக்கு 30 மி.லி. குடித்தால் போதை ஏறாதுதான். ஆனால் அந்த மணமும் தொண்டையில் இறங்கும் எரிச்சலும் பழைய ஆசையை எழுப்பப் போதும். குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்யும் டைசல்ஃபிராம் மாத்திரையைச் சாப்பிடுபவருக்கு இன்னும் மோசம்: முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் இறங்கி மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டி வரலாம். மாத்திரையை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை இந்த ஆபத்து இருக்கும். சில இருமல் சிரப்புகள், ஹோமியோபதி சொட்டு மருந்துகள், வாய் கொப்பளிக்கும் திரவங்கள் எல்லாவற்றுக்கும் இதே எச்சரிக்கைதான். லேபிளில் ‘எத்தனால்’ அல்லது ‘ஆல்கஹால்’ என்று இருந்தால் கீழே வைத்துவிடுங்கள்.

டைசல்ஃபிராம் பேச்சு வந்ததால் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். அதைச் சாம்பாரிலோ காப்பியிலோ தெரியாமல் கலந்து கொடுக்கக் கூடாது. ‘குடியை மறக்க வைக்கும் பொடி’ என்று விற்பதையும் அப்படித்தான். அவருக்குத் தெரியாமல் உள்ளே போன மருந்து, அவர் ஒரு குவார்ட்டர் குடிக்கிற நாளில் உயிரையே எடுத்துவிடலாம்.

அடுத்தது கடையில் விற்பதல்ல, தெருமுனை கிளினிக்கில் ஏற்றுவது. ‘ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்திக்கிட்டா தெம்பு வந்துடும்.’ 5 சதவீதக் குளுக்கோஸ் 500 மி.லி. பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை, ஏறக்குறைய 100 கலோரி. இரண்டு இட்லியில் கிடைப்பதுதான். மஞ்சள் நிறத்தில் தெரிந்தால் வைட்டமின் ஊசி கலந்திருக்கிறார்கள், அவ்வளவே. காசு வீண் என்பதோடு முடிந்தால் பரவாயில்லை. பல வருடம் குடித்தவர் உடம்பில் தயமின் என்கிற பி1 வைட்டமின் வற்றிப் போயிருக்கும். குளுக்கோஸைச் சக்தியாக மாற்றப் பி1 வேண்டும். இல்லாத இடத்தில் சர்க்கரையைக் கொட்டினால் மிச்சமிருந்த கொஞ்சமும் செலவழிந்து, மூளை பாதிக்கப்படலாம். வெர்னிக்கே என்று பெயர்: ஆள் குழம்புவார், கண்கள் ஒரு நிலையில் நிற்காது அல்லது ஒன்று இரண்டாகத் தெரியும், கால் அகட்டித் தள்ளாடி நடப்பார். மூன்றும் சேர்ந்து வர வேண்டும் என்றில்லை, ஒன்று தெரிந்தாலே அவசரப் பிரிவுதான். ‘குடிக்காமலே தள்ளாடுறாரே’ என்று சந்தேகப்பட்டு உட்கார்ந்திருக்காதீர்கள். குடிநோய் சிகிச்சை தெரிந்த மருத்துவர்கள் பி1 ஊசியை முதலில் போட்டுவிட்டுத்தான், அல்லது கூடவே போட்டுக்கொண்டுதான், குளுக்கோஸ் ஏற்றுவார்கள். கிளினிக்கில் ஊசி குத்துவதற்கு முன் இந்த ஒரே கேள்வியைக் கேளுங்கள்: “பி1 போட்டாச்சா சார்?”

அதனால் பி1 மாத்திரைக்குப் பையில் இடம் உண்டு. மொத்தப் பையிலும் காசுக்குத் தகுந்த பொருள் இது. வாங்கும்போது கவனிக்க வேண்டியது அளவு. சாதாரண பி-காம்ப்ளெக்ஸ் காப்சூல்கள் பலவற்றில் பி1 10 மி.கி. அளவுக்குத்தான் இருக்கும். குடியை விட்டவருக்கு மருத்துவர் எழுதுவது பெரும்பாலும் 100 மி.கி. மாத்திரை, ஒரு நாளைக்கு இரண்டு அல்லது மூன்று வேளை. ஒரே நேரத்தில் குடல் உறிஞ்சும் அளவு குறைவு, அதனால்தான் பிரித்துக் கொடுக்கிறார்கள். மூன்றையும் சேர்த்து ஒரே வாயில் போட்டுக்கொள்வதில் பயனில்லை. சாப்பாட்டுடன் கூடவே டீ குடித்தால் பி1 உறிஞ்சப்படுவது குறையும், ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கட்டும். வீட்டில் பச்சரிசிச் சோறென்றால் கொஞ்ச நாளைக்குப் புழுங்கல் அரிசிக்கு மாறலாம். நெல்லை வேக வைக்கும்போதே தவிட்டில் உள்ள பி1 அரிசிக்குள் இறங்கிவிடுவதால், தீட்டிய பிறகும் கொஞ்சம் மிஞ்சும்.

பி-காம்ப்ளெக்ஸ் சாப்பிடுகிற வீடுகளில் ஒரு வீண் பயம் வரும். சிறுநீர் பளிச்சென்று எலுமிச்சை மஞ்சளாகப் போகும். ‘மஞ்சள் காமாலை வந்துடுச்சு’ என்று மாத்திரையை நிறுத்துவார்கள். அது அதிலுள்ள பி2 வைட்டமினின் நிறம். மாத்திரை சாப்பிட்ட சில மணி நேரத்தில் வந்து பிறகு வெளுத்துவிடும். காமாலையில் சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் இருக்கும், கண்ணின் வெள்ளையும் மஞ்சளாகும். கண்ணை வெளிச்சத்தில் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். கண் மஞ்சளாக இருந்தால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

பசி டானிக் பலருக்குத் தெரியாத தவறு. பசியைத் தூண்டுகிறது என்று கொடுக்கும் பல சிரப்புகளில் சைப்ரோஹெப்டாடின் இருக்கும். அது தூக்கம் வர வைக்கும் மருந்து. அதோடு, மனச்சோர்வு மாத்திரை செரட்டோனின் என்கிற எந்த மூளை ரசாயனத்தை நம்பி வேலை செய்கிறதோ அதன் வழியையே இது அடைக்கும். களைப்புக்கென்று வாங்கி, களைப்பையும் கூட்டி, சிகிச்சையின் பலனையும் குறைத்துக்கொள்வது எவ்வளவு பரிதாபம்! சளிக்கு வாங்கும் குளோர்பெனிரமின், செடிரிசின் மாத்திரைகளும் தூக்கத்தைக் கூட்டுபவைதான். ‘சளி மாத்திரைதானே’ என்று மருத்துவரிடம் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

வைட்டமின் டி 60,000 யூனிட் மாத்திரை வாரத்துக்கு ஒன்று, பெரும்பாலும் 8 வாரம். ரத்தத்தில் குறைவென்று தெரிந்தால் நல்லது. தினமும் ஒன்று போட்டு அட்டையைத் தீர்ப்பவர்கள் இருக்கிறார்கள். ரத்தத்தில் கால்சியம் ஏறி, அதனாலேயே சோர்வும் மலச்சிக்கலும் வாந்தியும் வந்து சிறுநீரகமும் கெடும். இரும்புச் சத்து மாத்திரையும் அளந்து பார்க்காமல் வேண்டாம், குடியால் கெட்ட கல்லீரலில் இரும்பு ஏற்கெனவே அதிகமாகத் தேங்கியிருக்கலாம். ஓஆர்எஸ் வயிற்றுப்போக்குக்கும் வாந்திக்கும் அருமையான மருந்து. களைப்புக்கு அது எதுவும் செய்யாது, ரத்த அழுத்தம் உள்ளவருக்குத் தேவையில்லாத உப்பு வேறு.

இணையத்தில் வாங்குவதில் மூன்றைக் குறிப்பிட வேண்டும். 5-எச்டிபி என்று ஒரு காப்சூல், ‘மகிழ்ச்சிக்கு’ என்று விளம்பரம். எஸ்சிடலோபிராம் போன்றவற்றுடன் சேர்ந்தால் செரட்டோனின் மிகையாகி உடம்பு நடுங்கி, வியர்த்து, காய்ச்சலடித்து ஆபத்தில் முடியலாம், வேண்டாம். அசுவகந்தா பொடியும் காப்சூலும் ஆல்கஹால் இல்லாதவை, சரி. ஆனால் சிலருக்குத் தூக்கத்தைக் கூட்டும், அரிதாகக் கல்லீரலையும் பாதித்திருக்கிறது. கல்லீரல் ஆறிக்கொண்டிருக்கும் முதல் மாதங்களில் அந்தப் பரிசோதனை எதற்கு? தூக்கத்துக்கென்று மெலடோனின் 10 மி.கி. வாங்கிவிட்டு மறுநாள் பத்து மணி வரை தலை பாரமாக இருக்கிறது என்பவர்களுக்கு: பெரிய அளவில் பெரிய பலன் இல்லை. மருத்துவர் சொன்னால் குறைந்த அளவில், படுக்கப் போகுமுன்.

காப்பியை நிறுத்தச் சொல்ல மாட்டோம். குடியை விட்டவருக்குக் கையில் ஒரு சூடான டம்ளர் இருப்பதே ஆறுதல். ஆனால் காப்பியின் காஃபீன் பாதியாகக் குறைய ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகும். மாலை 5 மணி டம்ளரில் பாதி, இரவு 10 மணிக்கும் ரத்தத்தில் ஓடும். மதியம் 2 மணிக்கு மேல் வேண்டாம் என்று வைத்துக்கொண்டால் சில இரவுகளிலேயே வித்தியாசம் தெரியும். பீடி, சிகரெட்டையும் சேர்த்து விடுகிறவர்கள் காப்பியைப் பாதியாக்க வேண்டும். புகை காஃபீனை வேகமாக வெளியேற்றும். புகை நின்றதும் அதே இரண்டு டம்ளர் நான்கு டம்ளர் போல வேலை செய்து, படபடப்பும் தூக்கமின்மையும் வரும். அதை மது விட்டதன் கோளாறு என்று தவறாக நினைப்பார்கள். எனர்ஜி டிரிங்க் 250 மி.லி. டப்பாவில் 75 மி.கி. சுற்றளவில் காஃபீனும், பலவற்றில் 25 கிராமுக்கு மேல் சர்க்கரையும் இருக்கும். ஒரு மணி நேரம் தூக்கிவிட்டு அடுத்த மணியில் போட்டு அமுக்கும். குளிர்ந்த டப்பா, ‘டஸ்’ஸென்று திறக்கும் சத்தம் இரண்டும் பீரை நினைவூட்டும் என்பதும் சிறிய விஷயமல்ல. நாலு மணிச் சோர்வுக்கு ஒரு கைப்பிடி வேர்க்கடலையோ சுண்டலோ, ஒரு அவித்த முட்டையோ போதும். இனிப்புக்கு ஏங்கினால் கடலை மிட்டாய்.

இனி, பலரும் கவனிக்காத பொருள்: வார மாத்திரைப் பெட்டி. ஏழு நாள், நாளுக்கு நாலு அறை, மொத்தம் 28. இந்தப் பையில் தவறாமல் வாங்கச் சொல்வது இதைத்தான். மனச்சோர்வும் குடியை விட்ட முதல் மாதமும் சேர்ந்தால் ஞாபகம் மங்கும். காலை மாத்திரை சாப்பிட்டோமா என்று சந்தேகம் வந்து இரண்டாவது முறை போடுவார்கள், அல்லது இரவு மாத்திரை நள்ளிரவுக்கு நழுவும். பகல் தூக்கத்துக்குப் பல நேரம் இதுவே காரணம். மனச்சோர்வுக்கு இரவில் கொடுக்கும் மிர்டசபின் ஒன்பது மணிக்குப் போட வேண்டியது பன்னிரண்டு மணிக்குப் போனால், மறுநாள் காலை முழுக்கத் தலை பஞ்சு மூட்டை போலிருக்கும். மாத்திரையை மாற்றாமலே, நேரத்தை இரண்டு மணி நேரம் முன்னால் தள்ளியதில் காலை தெளிந்தவர்கள் பலர். டைசல்ஃபிராமும் சிலருக்கு மயக்கம் தரும். மருத்துவரைக் கேட்டு இரவுக்கு மாற்றலாம். தூக்கத்தைக் கெடுக்கும் மாத்திரையென்றால் காலைக்கு. இதை நீங்களே செய்யாமல் ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

பெட்டி வாங்கும்போது மூடியை நகத்தால் திறந்து பாருங்கள். தளர்வாக இருந்தால் பைக்குள் கவிழ்ந்து எல்லாம் கலந்துவிடும். இறுக்கமாக இருந்தால் கைநடுக்கம் உள்ளவரால் திறக்க முடியாது. அறைகள் தனித்தனிப் பட்டையாகக் கழன்று வருவது நல்லது, வேலைக்குப் போகும்போது அன்றைய பட்டையை மட்டும் எடுத்துப் போகலாம். மேலே ஆங்கில எழுத்து இருந்தால் வெள்ளை பிளாஸ்டர் ஒட்டி ஞா, தி, செ என்று பேனாவால் எழுதுங்கள். இரவு அறைகளுக்கு மட்டும் ஒரு கருப்புக் கோடு. ஞாயிறு பிற்பகலில், சீட்டைப் பக்கத்தில் விரித்து, இன்னொருவர் பார்க்க நிரப்ப வேண்டும். ஒரு வாரத்துக்கு மேல் நிரப்பாதீர்கள். வலிப்புக்கும் மனநிலையைச் சீராக்கவும் கொடுக்கும் சோடியம் வால்ப்ரோயேட் ஈரம் இழுக்கும், அட்டையிலிருந்து பிரிக்கக் கூடாது. அட்டையோடு வெட்டி அறையில் வையுங்கள். அடுப்படி அலமாரி, பிரிட்ஜ் மேல் இரண்டும் சூடு, தவிர்க்கவும். இரவு மாத்திரை விட்டுப் போனது விடிகாலையில் நினைவுக்கு வந்தால் அப்போது போட வேண்டாம், அடுத்த இரவு ஒன்றே ஒன்று.

பெட்டியில் வைக்கக் கூடாததும் ஒன்று உண்டு. முதல் வாரத்துக்குக் கொடுத்த லோரசிபாம், டயசிபாம் அட்டையில் மிச்சமிருந்தால் மருத்துவரிடம் திருப்பிக் காட்டுங்கள். ‘தூக்கத்துக்கு ஆகுமே’ என்று தினம் ஒன்றாகத் தொடர்ந்தால் பகல் முழுக்கக் களைப்பு, கூடவே ஒரு புதிய பழக்கம். வாரக்கணக்கில் தொடர்ந்துவிட்டால் திடீரென்று நிறுத்தவும் கூடாது, படிப்படியாகத்தான். மனச்சோர்வில் இருப்பவர் வீட்டில் மாத்திரைகளை மொத்தமாகக் குவிக்காமல், ஒரு வாரத்துக்கானதை மட்டும் கைக்கெட்டும் இடத்தில் வைத்து மீதியைக் குடும்பத்தில் ஒருவர் பூட்டி வைப்பது பாதுகாப்பு.

அரிஷ்டத்துக்கும் எனர்ஜி டிரிங்குக்கும் போகும் காசை ரத்தப் பரிசோதனைக்குத் திருப்பிவிடலாம். ‘முழு உடல் பரிசோதனை 70 டெஸ்ட்’ தொகுப்பு தேவையில்லை. ஹீமோகுளோபினும் எம்சிவியும் (சிவப்பணுவின் சராசரிப் பருமன்) வரும் முழு ரத்த எண்ணிக்கை, தைராய்டுக்கான டிஎஸ்ஹெச், பி12, சோடியம், கல்லீரல் பரிசோதனை, சர்க்கரை. இவற்றை மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். அரசு மருத்துவமனையில் பலவற்றை இலவசமாகவே செய்துகொள்ளலாம். பி12 ஊசி போடும் முன்பே ரத்தம் கொடுக்க வேண்டும், பிறகு கொடுத்தால் அளவு ஏறித் தெரியும். முடி வளர்ச்சிக்கென்று பயோட்டின் சாப்பிடுபவர் இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்தவும், தைராய்டு முடிவைத் தப்பாகக் காட்டிவிடும். எம்சிவி 100க்கு மேல் இருந்தால் பயப்பட வேண்டாம். குடியால் சிவப்பணு பெருத்திருக்கும், நிறுத்திய மூன்று நான்கு மாதத்தில் இறங்கும். அப்படி இறங்காவிட்டால் பி12, ஃபோலேட் வைட்டமின்கள் குறைவா என்று பார்க்க வேண்டும். சோடியம் ஏன்? மனச்சோர்வு மாத்திரைகள் சில, குறிப்பாக அறுபது தாண்டியவர்களுக்கு, சோடியத்தை இறக்கிவிடும். அப்போது வரும் களைப்பும் குழப்பமும் எந்த டானிக்குக்கும் அடங்காது. பலமாகக் குறட்டை விட்டு நடுவில் மூச்சு நின்று திணறுகிறார் என்றால் அதையும் சொல்லுங்கள். அது தூக்கத்தில் மூச்சடைப்பு, தனிச் சிகிச்சை உண்டு.

கையில் கட்டும் ஃபிட்னஸ் பட்டை வீட்டில் இருந்தால் படுத்த நேரம், எழுந்த நேரம், நடந்த அடிகள் மூன்றுக்கும் பயன்படுத்துங்கள். ‘ஆழ்ந்த தூக்கம் 42 நிமிடம்’ என்று அது காட்டுவதை நம்பி மனம் வாட வேண்டாம். மனச்சோர்வுக்கென்று எதிரில் வைத்து உட்காரும் 10,000 லக்ஸ் பிரகாச விளக்கு டொராண்டோவிலும் ஒஸ்லோவிலும் குளிர்கால இருட்டில் இருக்கும் நம்மவர்களுக்குப் பொருந்தும், காலையில் 20 முதல் 30 நிமிடம். இருதுருவ மனநோய் (மனம் அளவுக்கு மீறி எழுந்தும் தாழ்ந்தும் மாறும் நோய்) உள்ளவர் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. மதுரையிலும் யாழ்ப்பாணத்திலும் இருப்பவருக்கு அந்தக் காசு மிச்சம். மேகம் மூடிய காலையில்கூட வாசலில் இருக்கும் வெளிச்சம், டியூப் லைட் எரியும் அறையை விடப் பல மடங்கு. ஏழு மணிக்கு எழுந்து பால் வாங்கப் போய் வந்தாலே இருபது நிமிடம் ஆகிவிடும். முதல் வாரம் தெருமுனை வரை போதும். பகலில் படுத்தே ஆக வேண்டுமென்றால் மூன்று மணிக்குள், அலாரம் வைத்து 20 அல்லது 30 நிமிடம்.

தமிழில் பேசி வழி கேட்க, இந்தியாவில் இருப்பவர்களுக்கு 14416, டெலி மனாஸ் என்கிற அரசு மனநல உதவி எண், இருபத்துநாலு மணி நேரமும், கட்டணமில்லை. ‘மாத்திரை சாப்பிட்டதும் இப்படித் தூங்கி விழுறார், நேரத்தை மாத்தலாமா’ என்பது போன்ற கேள்வியையும் கேட்கலாம். சாக வேண்டும் என்ற பேச்சு வந்தால் அந்த நிமிடமே கூப்பிடுங்கள், ஆளைத் தனியே விடாதீர்கள்.

அடுத்த முறை ஓபிக்குப் போகும்போது மாத்திரைப் பெட்டி, எல்லா அட்டைகள், வீட்டிலிருக்கும் டானிக் பாட்டில்கள் எல்லாவற்றையும் ஒரு மஞ்சப் பையில் போட்டு எடுத்துப் போங்கள். கூடவே ஒரு துண்டுச் சீட்டு: எத்தனை மணிக்கு எந்த மாத்திரை, எத்தனை மணிக்குக் கண் சொருகுது, எத்தனை மணிக்கு எழுந்தார், கடைசிக் காப்பி எப்போது. ஏழு நாள், நாளுக்கு ஒரு வரி. வெறும் “களைப்பா இருக்கு சார்” என்றால் மருத்துவர் இன்னொரு சத்து மாத்திரைதான் எழுதுவார். இந்தச் சீட்டைப் பார்த்தால் எதை நிறுத்துவது, எதை இரவுக்குத் தள்ளுவது என்று இரண்டே நிமிடத்தில் சொல்லிவிடலாம்.